முகம் காட்டித் திறக்கும் கதவு: எவ்வளவு நம்பலாம்?

கேள்வி:
எங்கள் அலுவலக வாயிலில் அடையாள அட்டையை நீக்கிவிட்டு முகமறியும் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். காலை வெயில் முதுகுப்புறம் விழும்போது அது என்னை மூன்று முறை மறுத்து, ஓரடி நகர்ந்து நின்றதும் திறக்கிறது. அதைவிட, கைப்பேசியில் என் புகைப்படத்தைக் காட்டி வேறொருவர் நுழைந்துவிட முடியுமா என்பதே என் கவலை.

மறுமொழி 1:
பின்னாலிருந்து ஒளி வந்தால் முகம் இருண்டுவிடும். கேமராவின் இடத்தை மாற்றிப் பாருங்கள். சாதாரணக் கேமரா மட்டுமுள்ள கருவி புகைப்படத்திற்கு ஏமாறக்கூடும். அகச்சிவப்பு ஒளியால் முகத்தின் ஆழத்தையும் அளப்பது தட்டையான படத்தை எளிதில் ஏற்காது. பதிவிலுள்ள முகத்துடன் எவ்வளவு ஒத்திருந்தால் கதவு திறக்கும் என்ற பொருத்த அளவின் வரம்பை உயர்த்தினால் அந்நியர் நுழையும் வாய்ப்பு குறையும். ஆனால் உங்களைப் போன்ற உரியவர்கள் வெளியே நிற்பது கூடும்.

மறுமொழி 2:
என் அச்சம் வேறு. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. ஆகவே படத்தைச் சேமிக்கிறார்களா, அதிலிருந்து கணக்கிட்ட எண்தொகுப்பை மட்டும் குறியாக்கம் செய்து வைக்கிறார்களா, வேலையை விட்டவரின் பதிவை எப்போது அழிக்கிறார்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள். சர்வர் அறைக்கு முகம் மட்டும் போதாது. அட்டையையும் சேர்த்தால், வந்தவரின் முகத்தைப் பதிவிலுள்ள எல்லோருடனும் ஒப்பிடாமல் அட்டைக்குரிய ஒருவருடன் மட்டும் ஒப்பிட்டால் போதும் என்பதால் பிழையும் குறையும்.

கேட்டவர்:
நன்றி. கேமரா கண்ணாடிக் கதவுக்கு நேரெதிரே இருப்பதை இன்றுதான் கவனித்தேன். அழிப்பு விதி பற்றிய கடிதத்தை நாளை கொடுக்கிறேன்.