பொருள்: கார்பன் ஃபார்மிங்குக்கு என்ன சொல்?

> "கரிம வேளாண்மை" என்றே வைக்கலாம். சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, வணக்கம். கார்பன் ஃபார்மிங் என்றால் காற்றிலுள்ள கார்பனை மரத்திலும் மண்ணிலும் சேர்த்துவைக்கும்படி நிலத்தைப் பராமரிப்பது. மன்னார்குடிப் பக்கம் அதைக் 'கரிம வேளாண்மை' என்று சொன்னால் பஞ்சகவ்யம் தெளிக்கிற வேளாண்மை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கரிம வேதியியல் வந்த நாளிலேயே 'கரிம' ஆர்கானிக்குக்குப் போய்விட்டது. கார்பன் கார்பனாகவே இருக்கட்டும். இலங்கையில் காபன் என்கிறார்கள், ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

வேளாண்மையும் இடிக்கிறது. நாம் சொல் தேடும் கட்டுரை சொல்வது ஆஸ்திரேலியாவின் முல்கா நிலத்தை: தென்மேற்குக் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸின் மேற்கு. முல்கா நம் வேலமரத்துக்குப் பங்காளி. பஞ்சத்தில் அதன் தழையைத்தான் ஆடுமாட்டுக்கு வெட்டிப்போடுவார்கள். அங்கே கன்று நடுவதில்லை. மந்தையைக் குறைத்து, காட்டு ஆடுகளைப் பிடித்து, புதரழிப்பை நிறுத்தினால், மண்ணில் கிடக்கும் விதையும் கடிபட்டுக் கூழையாய் நிற்கும் செடியும் தானாக எழும்ப வேண்டும். 2 மீட்டர் உயரமும் நிலத்தில் 20 சதவீதத்தை மூடும் தழைவிதானமும் எட்டக்கூடியதாக இருந்தால்தான் காடு. 25 ஆண்டோ 100 ஆண்டோ காப்பாற்ற வேண்டும். விதைப்புமில்லை, அறுப்புமில்லை. குறுவை போடுகிறவர் கேட்டால் சிரிப்பார்.

'காடு வளர்ப்பு'ம் வேண்டாம். மரம் எழும்பியது மேய்ச்சலைக் குறைத்ததாலா, மழையாலா என்று 2022இல் அங்கேயே பெரிய சண்டை. நம் சொல் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. வெறும் 'தன்முளைக் காடு' என்றால் சீமைக்கருவேலும் உள்ளே வந்துவிடும். அதனால்: பொதுவுக்குக் 'கார்பன் பண்ணையம்', இந்த முறைக்கு 'நாட்டுமரத் தன்முளைக் காடு'.

மறுமொழி:

அண்ணே, இரண்டாவது பிடித்திருக்கிறது. பண்ணையம்தான் உறுத்துகிறது. கீழத்தஞ்சையில் பண்ணை என்றால் பண்ணையாள் நினைப்பு வரும். 1952இல் குத்தகைதாரரோடு அவர்களையும் காக்கச் சட்டமே போட வேண்டியிருந்தது. 'கார்பன் வளர்ப்பு' ஆகாதா?

மறுமொழி:

தங்கச்சி, கார்பன் காற்றில் வளர்ந்துவிட்டது என்பதுதானே புகார்! நீ சொல்வது நியாயம், மறுக்கவில்லை. ஆனால் வேளாண் துறை 'ஒருங்கிணைந்த பண்ணையம்' என்று சொல்லிச் சொல்லி, ஆடு, மீன், மரம் எல்லாம் அதில் அடங்கிவிட்டது. என் ஓட்டு அதற்கே. மற்றவர்கள் சொல்லட்டும்.

'கிரெடிட்' பாக்கி. மரத்தில் சேர்த்துவைத்த ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒன்று கிடைக்கும். வெறும் 'வரவு' போதுமா, 'வரவுச் சான்று' என்று வைப்பதா? ஐயா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.