புதுப்பிப்பு: கிராபிக்ஸ் கார்டு பிழைத்துக்கொண்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை வராது, மதர்போர்டில் கிராபிக்ஸ் கார்டில் கோளாறு என்று காட்டும் விஜிஏ லைட் மட்டும் எரியும் என்று. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றச் சொன்னார்கள் சிலர். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் வரும் பயாஸ் திரையே வராதபோது, அதற்குப் பிறகு ஏறும் டிரைவருக்கு அங்கே வேலையில்லை.

நேற்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் தங்கநிறப் பற்களில் மூன்றில் பச்சை பூத்திருந்தது. பாம்பன் உப்புக்காற்று! ஜன்னல் கம்பியையே அரிக்கிற காற்று, மெல்லிய பூச்சையா விடும்? வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன், ரப்பர் கறுத்துப்போனது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டினேன். ஸ்லாட் தருவது 75 வாட்தான், மீதி மின்சாரம் 8 பின் பவர் வயர் வழியாகத்தான் வரும் என்பதால் அதையும் கழற்றி மாட்டினேன்.

முதல் தடவையே திரை வந்துவிட்டது. இன்று காலையும் வந்தது. பற்களைப் பார்க்கச் சொன்ன தொண்டி அண்ணனுக்கு ரொம்ப நன்றி.