50 வெள்ளிக்குக் குறைந்தால் சிவப்பாக வேண்டும், ஆகவில்லை! அவசரம்

பினாங்குப் பந்தல்: தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். வசூல் கணக்கு என் கையில். ஆளுக்கு 50 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). குறைவாகக் கொடுத்தவர்கள் சிவப்பாகத் தெரிய, கணக்குத் தாளில் கண்டிஷனல் பார்மேட்டிங் (விதிப்படி கட்டத்தின் நிறம் தானே மாறும் வசதி) போட்டேன், வேலை செய்யவில்லை. இன்றிரவு 8 மணிக்குக் கூட்டம். யாராவது சொல்லுங்களேன்.

பிறைவாசி: எக்செலா, கூகுள் ஷீட்ஸா? எதுவுமே சிவக்கவில்லையா, தப்பான இடம் சிவக்கிறதா?

செந்தூல் அக்கா: விதியின் சூத்திரத்தில் வரும் டாலர் ($) குறிதான் தம்பி, எனக்கும் இதே கதை நடந்தது. முழு வரிசையும் நிறம் மாற வேண்டுமானால் பத்தியின் எழுத்துக்கு முன்னால் மட்டும் டாலர் போட வேண்டும், வரிசை எண்ணுக்கு முன்னால் கூடாது. அப்புறம், விதி 2ஆம் வரிசையில் தொடங்கினால் சூத்திரத்திலும் 2தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பாக்கிக்கு இன்னொருவர் பெயர் சிவக்கும்.

பழைய கணக்கர்: இதெல்லாம் அரிச்சுவடி. வாரம் ஒருவர் இதையே கேட்கிறார். பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

பினாங்குப் பந்தல்: எக்செல், மடிக்கணினி. டாலர் சரியாக இருக்கிறது அக்கா. 20, 30 கொடுத்தவர்கள் சிவக்கவில்லை. ஒன்றும் கொடுக்காதவர்களின் காலிக் கட்டம் மட்டும் சிவப்பு. கீழே மொத்தமும் 0 காட்டுகிறது, அதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

பிறைவாசி: அடடா, அந்த 0தான் முக்கியம்! தொகை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா? எப்படித் தட்டினீர்கள்?

பினாங்குப் பந்தல்: இடப்பக்கம்தான். "ஆர்எம் 30" என்று, ரிங்கிட்டின் சுருக்கமான RM சேர்த்து.

பிறைவாசி: எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் அதற்கு எழுத்துதான் எப்போதும் பெரியது. அதனால் "ஆர்எம் 30" என்பது 50க்குக் கீழே வராது. காலிக் கட்டம் 0 என்பதால் சிவந்துவிட்டது. கண்ட்ரோல் எச் அழுத்தி, ஆர்எம்மையும் அதன் பின்னுள்ள இடைவெளியையும் தேடச் சொல்லி, மாற்றுமிடத்தைக் காலியாக விடுங்கள். தொகை வலப்பக்கம் நகர்ந்தால் சரி. நகராவிட்டால் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, டேட்டாவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ், உடனே பினிஷ்.

பழைய கணக்கர்: நானும் ஆர்எம் சேர்த்தே தட்டுகிறேன். எண்ணாகத்தான் ஏறுகிறது.

செந்தூல் அக்கா: உங்கள் விண்டோஸில் வட்டாரம் மலேசியா என்று இருக்கும் ஐயா. தம்பியுடையது அமெரிக்கா என்றிருந்தால் அதற்கு ஆர்எம் வெறும் எழுத்துதான்.

பழைய கணக்கர்: அதுவும் சரிதான். ஆனால் கணக்கில் வெள்ளி என்று எழுதாதீர்கள். 1975லேயே ரிங்கிட் என்று ஆகிவிட்டது.

பத்துமலை அடிவாரம்: எழுதினால் என்ன? சௌகிட் சந்தையில் என் அம்மா இன்றும் கீரைக்கட்டை "ரெண்டு வெள்ளி" என்றுதான் பேரம் பேசுகிறார். சட்டத்துக்கு ரிங்கிட், நம் வாய்க்கு வெள்ளி.

பழைய கணக்கர்: சந்தை வேறு, ரசீது வேறு. நாளைக்குத் தணிக்கையில் கேட்பார்கள்.

பினாங்குப் பந்தல்: எல்லாம் வலப்பக்கம் போய்விட்டது. 11 பேர் சிவப்பு, மொத்தமும் வந்துவிட்டது. நன்றி அண்ணா, நன்றி அக்கா. கூட்டத்துக்கு ஓடுகிறேன்.