வயலுக்கு யோசனை சொல்லப் போய் வாயடைத்து நின்ற அனுபவம் உண்டா?

கடைமடைத்தம்பி:
2023 குறுவை நெல் பருவம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ பைப் நட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஓட்டை போட்ட பிவிசி குழாய். உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் அடுத்த பாய்ச்சல். தண்ணீரும் மிச்சம், தண்ணீர் நிற்கும் வயலிலிருந்து வரும் மீத்தேன் வாயுவும் குறையும்.

வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று பெரியவர் மடையைத் திறக்கப் போனார். “பைப்ல இன்னும் இருக்குங்க ஐயா, நாலு நாள் போகட்டும்” என்று தடுத்தது நான்தான். அதோடு எங்கள் வாய்க்காலுக்கான தண்ணீர் முறை தள்ளிப்போய்விட்டது. ஜூன் 12-லேயே மேட்டூர் அணை திறந்து என்ன பயன், அந்த வருஷம் கடைமடைக்கு வந்ததெல்லாம் சொட்டுதான். மறுபடி நான் போனபோது பெரியவர் குனிந்து வயல் வெடிப்பில் விரலை விட்டார். இரண்டாவது கணு வரை உள்ளே போனது.

“காய்ச்சல் ஆயிடுச்சு தம்பி. பாய்ச்சல் எப்ப?”

திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நாகைநண்டு:
எனக்குத் தண்ணீர் அதிகமான கதை. 2020 சம்பாவுக்கு அத்தை வீட்டு வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 விதை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கிற ரகம். புரெவி புயல் மழையில் வயல் முழுகி, வடிந்ததும் பயிர் தலைதூக்கியது. தெருவெல்லாம் என் புகழ்தான்.

அப்புறம் பொங்கல் நேரத்து மழை. அறுப்புக்கு நின்ற கதிர் அப்படியே சாய்ந்தது. வெள்ளம் தாங்குவதெல்லாம் இளம் பயிருக்குத்தான், விளைந்த கதிருக்கு இல்லை என்பதை நான் சொல்லவே இல்லை. அத்தை ஒரு கதிரை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை.

“உன் ரகம் சாகலடா. பாரு, முளைக்குது.”

பசுந்தாள்:
நண்டு அண்ணே, கோளாறு ரகத்திலேயே இருக்கிறது. வெள்ளம் தாங்கும் சப்-1 மரபணுவே ஒடிசாவின் ஒரு பழைய நெல்லிலிருந்து எடுத்ததுதான். மூலத்தை விட்டுவிட்டு நகலுக்கு ஏன் போக வேண்டும்? ஆதிரெங்கம் பாரம்பரிய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கி, மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவன் நான். என் கதை அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: பள்ள வயலில் காட்டுயானம் என்ற பாரம்பரிய நெல்லைப் போடுங்கள், ஆளுயரம் வளரும். உப்புத் தண்ணீர் ஏறும் இடத்தில் குழிவெடிச்சான் நெல். கோடையில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுங்கள். மேட்டூர் திறக்கும் வரை நாற்றங்காலுக்காகக் காத்திருக்காமல் புழுதியில் நேரடி விதைப்பு செய்யுங்கள். வடிகாலை ஐப்பசிக்கு முன்பே நீங்களே வெட்டிவிடுங்கள், யாரும் வந்து வெட்டித்தர மாட்டார்கள். யூரியாவைக் குறைத்தால் பயிர் சாய்வதும் குறையும். இதையெல்லாம் இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் ஐயா இருந்தபோதே…

மூன்றாம்முறை:
பசுந்தாள், கொஞ்சம் நிறுத்துங்கள். யாரும் யோசனை கேட்கவில்லை, தலைப்பைப் படியுங்கள். காட்டுயானம் 180 நாள். மேட்டூரை மூடுவது ஜனவரி 28. தாமதமாக விதைத்தவனுக்குக் கடைசித் தண்ணீர் உங்கள் வீட்டுக் குழாயிலிருந்தா வரும்? ஆளுயரப் பயிர் காற்றில் சாயாது என்று வேறு நம்பச் சொல்கிறீர்கள்.

என் கதை பயிர்க் காப்பீடு. சம்பாவுக்குப் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான், கட்டுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒரு அக்கா தோட்டை அடகு வைத்துக் கட்டினார். விளைச்சலைக் கணக்கிடும் அறுவடைச் சோதனைக்கு 5-க்கு 5 மீட்டர் அளந்த வயல் மேட்டில் இருந்தது. அங்கே நல்ல விளைச்சல். கணக்கு வருவாய்க் கிராமம் முழுமைக்கும் ஒன்றுதான் என்பதால் பள்ளத்தில் அழுகியதற்கு ஒன்றும் வரவில்லை. அந்த அக்கா அடகுச் சீட்டை நீட்டி, “இதை யாருகிட்ட காட்டணும்?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பசுந்தாள்:
சாயும், சரி. ஆனால் வைக்கோலாவது மிஞ்சும்.

கடைமடைத்தம்பி:
சண்டை வேண்டாம். அந்தப் பெரியவர் பைப்பைப் பிடுங்கவில்லை. ஆனால் இப்போது என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், மேட்டூர் எத்தனை அடி. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மறந்தால் ஏழு மணிக்குப் போன் வந்துவிடும்.