தெற்காசிய மொழி ஆய்வுக்குப் போக: இரண்டாவது மொழி எது? வீட்டுப் பேரேடு உதவுமா?

கேள்வி: கோட்டையூர்

காரைக்குடியில் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. ஆய்வுக்குத்தான் போக விருப்பம், அதுவும் தமிழோடு நிற்காமல் தெற்காசிய மொழிகள் என்ற வட்டத்தில். யு.ஜி.சி.யின் நெட் தகுதித் தேர்வு மட்டும் போதுமா? இரண்டாவது மொழியாக எதை எடுப்பது? ஐயா வீட்டு இரண்டாம் கட்டு அறையில் பர்மா கடைப் பேரேடுகள், கடிதக் கட்டுகள், நாலைந்து ஏட்டுச் சுவடிகள் கிடக்கின்றன. அப்பச்சி எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். இலக்கிய ஆய்வுக்கு இதெல்லாம் ஆகுமா?

பதில்: தாள் இரண்டு

நெட் ஒரு வாசல்தான், ஆனால் கடந்துவிட்டால் நல்லது. தமிழுக்குப் பாட எண் 26. மூன்று மணி நேரத்தில் இரண்டு தாளும் சேர்த்து எழுத வேண்டும்: முதல் தாளில் 50 கேள்விக்கு 100 மதிப்பெண், இரண்டாவதில் 100 கேள்விக்கு 200. தப்பான விடைக்குக் கழிவு இல்லை, எதையும் விடாமல் குறியுங்கள். தமிழ் மாணவர்கள் சறுக்குவது முதல் தாளில். நூற்பாவை மனப்பாடமாகச் சொல்பவர்கூடத் தரவு அட்டவணைக் கணக்கிலும் தருக்கத்திலும் நேரத்தைத் தொலைத்துவிட்டு ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையைக் கோட்டை விடுகிறார். தினம் அரை மணி அதற்கென்றே ஒதுக்குங்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்தாண்டு தளர்வு. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் பிஎச்.டி. சேர்க்கைக்குத் தகுதி மட்டும் வந்தால் அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். ஆகவே வழிகாட்டியை முன்பே பேசி வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

தலைப்பை, பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் தேடிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். "இன்னார் நாவல்களில் பெண்" வகைத் தலைப்புகள் அங்கே மலை மாதிரி குவிந்திருக்கின்றன. முதல் பக்கத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்துவிட்டு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி, மேற்கோள் எல்லாம் பாழாகும்.

பதில்: மகிபாலன்பட்டி வழி

மொழியை முதலில் எடுக்காதீர்கள், பனுவலை எடுங்கள். அது கேட்கும் மொழி எதுவோ அதுதான் உங்கள் இரண்டாவது மொழி. வைணவ உரைகள் என்றால் சமஸ்கிருதமும் கிரந்த எழுத்தும். நாயக்கர் கால இலக்கியம் என்றால் தெலுங்கு. இஸ்லாமியத் தமிழ் என்றால் அரபு எழுத்தில் எழுதிய தமிழைப் படிக்கத் தெரிய வேண்டும்.

நம் பக்கத்திலேயே வழிகாட்டி உண்டு. மகிபாலன்பட்டி பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் தமிழோடு வடமொழியும் கற்று, மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார். 'சிறிய மண் வண்டி' என்று வறட்டுச் சொல்லாக விடாமல் அந்தப் பெயரை அவர் வைத்திருப்பதைப் பாருங்கள். இரண்டு மொழியும் கைக்குள் இருந்தால்தான் இப்படி ஒரு சொல் விழும்.

சமஸ்கிருதத்துக்கு இரண்டாண்டு வையுங்கள். முதல் ஆறு மாதம் சந்தியும் வேற்றுமை உருபுகளும். அதன் பிறகு ஒரே நூலை உரையோடு வரி வரியாக. மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் படிக்கத் தெரிந்துவிட்டது போலத் தோன்றும், தெரிந்திருக்காது. ஒரே ஆண்டில் மூன்று மொழியைத் தொட்டால் ஒன்றும் நிற்காது.

பதில்: ஏடும் எழுத்தாணியும்

அம்மா, தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த அச்சு நூல்களையும் இதழ்களையும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் சென்னையில் நூலகமே எழுந்தது. உங்கள் ஊர்த் தாளை நம்பி இன்று எத்தனையோ பேர் ஆய்வு செய்கிறார்கள்.

பேரேட்டில் முதலில் குறிகளைப் படிக்கப் பழகுங்கள். ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். பின்னத்தில் அரைக்கால் 1/8, மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320. கூட்டிப் பார்த்துத் தொகை ஒத்து வராவிட்டால் பெரும்பாலும் மாகாணியும் காணியும் மாறியிருக்கும்.

ஆண்டில்தான் பெரிய தப்பு நடக்கும். 'பிரபவ' என்று மட்டும் இருந்தால் 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ? முத்திரைத்தாளில் யார் தலை என்று பாருங்கள்: விக்டோரியா என்றால் 1867, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1927.

சுவடி இன்னும் நுட்பம். புள்ளி இராது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது, காலும் ரகரமும் ஒரே வடிவம், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றே. 'பெரன' என்று கீறியிருப்பதைப் பொன் என்றும் போன என்றும் பேரன் என்றும் படிக்கலாம். செய்யுளானால் சீரும் எதுகையும் முடிவு சொல்லும். கணக்கானால் பக்கத்து வரி. யாப்பு தெரியாமல் பதிப்புக்குப் போகக் கூடாது என்பது இதனால்தான்.

கோட்டையூர்

நன்றிங்க ஐயா. சுவடியில் சில இலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, எண்ணெய் தடவிப் பிரிக்கலாமா? வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க இதை வைத்து ஏதாவது எழுத முடியுமா?

ஏடும் எழுத்தாணியும்

பிரிக்காதீர்கள். காய்ந்த இலையை இழுத்தால் மேல்தோல் உரிந்து எழுத்தும் கூடவே போகும். எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவது நல்ல நிலையில் உள்ள இலைக்கு. ஒட்டியதைச் சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகம் போன்ற இடத்தில் பழகியவர் கையில் கொடுங்கள். பேரேட்டுக்கு செல்லோடேப்பும் லேமினேஷனும் வேண்டவே வேண்டாம். கட்டை அவிழ்க்கும் முன் மேல்துணியில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து, தாள்களுக்குப் பென்சிலில் எண் போட்டு, அதே வரிசையில் எடுங்கள்.

மகிபாலன்பட்டி வழி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக டிசம்பரில் விண்ணப்பம் முடியும்: இரண்டு பக்க நோக்கக் கடிதம், மூன்று பரிந்துரை, 20 பக்கம் போல ஒரு கட்டுரை. சிகாகோ, ஜெர்மனியில் ஹைடல்பெர்க் எங்கு அனுப்பினாலும் எடுபடுவது அந்தக் கட்டுரைதான். உங்கள் கட்டிலிருந்து பத்துக் கடிதம் எடுங்கள். மூலம், எழுத்துப்பெயர்ப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு, எந்தச் சொல்லை ஏன் அப்படிப் படித்தீர்கள் என்ற குறிப்பு, இந்த நான்கும் போதும். அதற்கு முன் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பனுவல் வாசிப்பு நடக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பத்துக் கடிதத்தில் முதல் இரண்டைப் படியெடுத்து இங்கே போடுங்கள், படித்த இடங்களைச் சரிபார்த்துத் தருகிறோம்.