ரீபூட் ஆகும்போதுதான் குட்டு வெளிப்படும்: உங்கள் அனுபவம் என்ன?

நானே ஆரம்பிக்கிறேன். பழைய லினக்ஸ் சர்வர் ஒன்றில், பூட் ஆகும்போது தானாக ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பின் கடைசியில் என் ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு வரி சேர்த்தேன். கையால் ஓட்டினால் ஓடுகிறது, ரீபூட் செய்தால் மூச்சே இல்லை. பர்மிஷன், பாத் என்று இரண்டு ராத்திரி தோண்டினேன். மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது: என் வரிக்கு நேர் மேலே 'எக்ஸிட் 0' சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே என்ன எழுதினாலும் ஓடாதே! உங்கள் கதைகளையும் கொட்டுங்கள்.

*

எனக்கு எண் காலை வாரியது. இனிட்.டி காலம்: பூட்டில் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்களின் லிங்க்குகள் பெயர் வரிசைப்படி ஓடும். எல்லாவற்றுக்கும் பின்னால் ஓடட்டும் என்று என் லிங்க்குக்கு எஸ்100 என்று பெயர் வைத்தேன், டேட்டாபேஸ் எஸ்64இல் இருந்தது. ஷெல்லுக்கு அது நூறு இல்லை, வெறும் எழுத்து வரிசை. 6க்கு முன்னால் 1 வந்துவிடும். டேட்டாபேஸ் எழும் முன்பே என் ஸ்கிரிப்ட் போய்க் கதவைத் தட்டிவிட்டுச் செத்தது. எஸ்99 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

*

இனிட்.டிக்குப் பதிலா சிஸ்டம்டி வந்தா இந்தத் தொல்லையெல்லாம் ஒழிஞ்சுதுன்னு நினைச்சேன் அண்ணே. சர்வீஸை எப்படி எழுப்பணும்னு சொல்லும் யூனிட் கோப்பில் 'ஆஃப்டர்' போட்டு நெட்வொர்க்.டார்கெட்டைக் கொடுத்திருந்தேன். ஐபி வரும் முன்னாடியே சர்வீஸ் எழுந்திருச்சு, அந்த முகவரியோட பைண்ட் ஆகாம (ஒட்ட முடியாம) விழுந்துச்சு. 'ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்' இருக்கேன்னு தைரியம் வேற! விழுந்த 100 மில்லிசெகண்டில் திரும்ப எழுப்பும். ஆனா 10 செகண்டுக்குள் 5 தடவைக்கு மேல எழுப்பாது, கைவிட்டுடும். என் சர்வீஸ் ஒரு செகண்டிலேயே அஞ்சு வாய்ப்பையும் தின்னு தீர்த்திருச்சு. லாக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் பார்த்தப்போ ஒரே நேரத்தில் அஞ்சு சாவு வரிசையா கிடக்கு.

நெட்வொர்க் நிஜமாவே எழுந்தாச்சுன்னு குறிக்கும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்டை 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' ரெண்டிலும் போட்டேன். 'ஆஃப்டர்' யார் முன்னே யார் பின்னேன்னு மட்டும்தான் சொல்லும், ஆளைக் கூட்டிட்டு வராது, அது 'வான்ட்ஸ்' வேலை. திரும்ப எழுப்பும் இடைவெளியான ரீஸ்டார்ட்செக்கை 5 செகண்டாக்கினேன். அதுக்கப்புறம் தொந்தரவு இல்லை.

*

ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போல இன்னொரு ஓஎஸ்) ஆள் நான். இங்கே ஆர்சி.டி ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றும் தலையிலேயே, தான் தருவதை 'ப்ரொவைட்', தனக்கு முன்னால் வேண்டியதை 'ரிக்வயர்' என்று எழுதி வைத்திருக்கும். அதைப் படித்து ஆர்சிஆர்டர் வரிசை போடும், எண் சண்டையே கிடையாது. ஆனால் அமைப்புகளை எழுதி வைக்கும் ஆர்சி.கான்ஃப் என்பதும் ஷெல் ஸ்கிரிப்ட்தான். ஒரு மேற்கோள் குறியை மூட மறந்தேன். பூட் பாதியில் நின்று பழுதுபார்க்கும் சிங்கிள் யூசர் நிலையில் கொண்டுபோய் விட்டது. திருத்தலாம் என்றால் ரூட் கோப்பு முறைமை ரீட்-ஒன்லி. 'மவுண்ட் -யூ' கொடுத்து எழுதத் தக்கதாக்கிய பிறகுதான் அந்த ஒற்றைக் குறியைப் போட முடிந்தது. இப்போதெல்லாம் அந்தக் கோப்பைத் திருத்தித் தரும் சிஸ்ஆர்சி கட்டளை வழியாக மட்டும்தான் மாற்றுவேன்.

*

நீங்களெல்லாம் பெரிய தப்பாகப் பண்ணியிருக்கிறீர்கள் சார். நான் சர்வீஸை இப்போது ஓட்டும் 'ஸ்டார்ட்' கொடுத்தேன், ஒவ்வொரு பூட்டிலும் ஓட வைக்கும் 'எனேபிள்' கொடுக்கவில்லை. சர்வர் எட்டு மாதம் ரீபூட் ஆகவே இல்லை, அதனால் எட்டு மாதமும் நான் கெட்டிக்காரன்.