மருந்தடிக்காத புகையிலை எண்டால் சுருட்டில நஞ்சு குறையுமோ?

ஏழாலைத் தோட்டம்:
மாட்டெருவும் குழையும் மட்டும் தாட்டு, கிருமிநாசினி அடிக்காமல் போட்ட புகையிலையில கட்மியம், ஈயம் மாதிரி நஞ்சு உலோகம் ஒண்டும் இராதெண்டும், அந்தச் சுருட்டு கடைச் சிகரெட்டை விடத் திறமெண்டும் கதைக்கினம். உண்மையோ? இலையைக் கழுவிக் காயவிட்டால் போகுமோ?

செம்பாடு:
தம்பி, மருந்து வேற, உலோகம் வேற. கட்மியம் பெரும்பாலும் மண்ணுக்குள்ளால வருது. ரி.எஸ்.பி மாதிரிப் பொசுபேற்று உரம் பாறையில இருந்து எடுக்கிறது. அதோட கட்மியமும் கொஞ்சம் வந்து மேல்மண்ணில தங்கும். இந்தப் போகம் உரத்தை நிப்பாட்டினாலும் முந்திப் போட்டது அங்கதான் கிடக்கும். கன பயிர் அதை வேரிலயே மறிச்சு வைக்கும், புகையிலை இலைக்கு ஏத்திவிடும்.

எங்கட செம்பாட்டு மண் சுண்ணாம்புக் கல்லுக்கு மேல கிடக்கிறதால காரத்தன்மை. அமில மண்ணை விட இதில கட்மியம் வேருக்குக் குறைவாத்தான் அகப்படும். ஆனால் உவர்க் கிணத்துத் தண்ணி இறைச்சால் அந்த நன்மை அடிபட்டுப்போகும்: குளோரைட்டு கட்மியத்தோட சேர்ந்து அதைக் கரைய வைக்கும், வேர் லேசா உறிஞ்சும். உரக் கணக்கை மட்டும் பாக்கிற ஆக்கள் தண்ணியைப் பாக்கிறேல்லை.

கழுவினால் தூசியும் அதோட ஒட்டின ஈயமும் கொஞ்சம் போகும். திசுவுக்குள்ள ஏறினது போகாது.

புகைக்கூடு:
இழுக்கேக்க நெருப்பு முனை 900 பாகை செல்சியஸ் வரை ஏறும். கட்மியம் 767 இல கொதிச்சு ஆவியாகும். நிக்கல், குரோமியம் கன பங்கு சாம்பலில நிண்டிடும். ஒரு சிகரெட்டில ஏறக்குறைய 1 தொடக்கம் 2 மைக்ரோகிராம் கட்மியம், அதில பத்தில ஒரு பங்களவு உள்ளுக்குப் போகும். சாப்பாட்டில வாறதில குடல் நூற்றுக்கு 5 அளவுதான் எடுக்கும், நுரையீரல் 25 தொடக்கம் 50 வரை எடுக்கும். சிறுநீரகத்தில சேர்ந்தது பாதியாக 10 தொடக்கம் 30 வருசம்.

மருந்தில ஒரு பங்கு எரிஞ்சு உடையும். மிச்சம் நெருப்புக்குப் பின்னால சூடு குறைஞ்ச இடத்தில உடையாமலே ஆவியாகிப் புகையோட வரும். பச்சை இலையில நூற்றுக்கு 80க்கு மேல தண்ணி. காய்ஞ்சால் ஒரு கிராமுக்குள்ள மருந்து பல மடங்கு செறியும். மரக்கறிக்குப் போத்தலில போட்டிருக்கிற 'அறுவடைக்கு முன் இத்தனை நாள்' கணக்கு இதுக்குப் பொருந்தாது.

சுருட்டுப் புகை காரத்தன்மை. நெஞ்சுக்குள்ள இழுக்காட்டியும் வாய்த்தோலால நிக்கொட்டின் ஏறும். நுரையீரலுக்குப் போற கட்மியம் குறையலாம். ஆனால் அதால வாய்ப் புற்றுநோய் ஆபத்து இல்லையெண்டு ஆகாது. புற்றுநோயை உண்டாக்கிற பொருளுகளில நைத்திரோசமீன் இலையைப் பதப்படுத்தேக்கயே உண்டாகும், பென்சோபைரீன் எரியேக்க உண்டாகும். குடிலில புகை போட்ட இலையில பென்சோபைரீன் இன்னும் கூட. மருந்தடிக்காத இலைக்கும் இதே கதைதான்.

ஏழாலைத் தோட்டம்:
அப்ப உடம்பில எவ்வளவு ஏறியிருக்கெண்டு பாக்கேலுமோ அண்ணை?

புகைக்கூடு:
ஏலும். இரத்தக் கட்மியம் கிட்டடி மாசங்களைத்தான் கூடக் காட்டும், புகையை விட்டால் இறங்கும். சேர்ந்து கிடக்கிறதை அறியச் சிறுநீர், அதுவும் ஒரு கிராம் கிரியற்றினினுக்கு (தசையில இருந்து சிறுநீரில வாற கழிவு) எவ்வளவு எண்ட கணக்கில. ஆய்வுகூடம் தாற பிளாஸ்ரிக் போத்தலிலயே எடுங்கோ. சுருட்டுப் பிடிச்ச கையைக் கழுவாமல் மூடியைத் திறந்தால் சாம்பல் விழுந்து அளவு பிழைக்கும்.

இரும்புச்சத்துக் குறைவிருந்தால் திருத்துங்கோ, குறைஞ்சால் குடல் கட்மியத்தைக் கூட எடுக்கும். 'நஞ்செடுக்கிறம்' எண்டு ஈ.டி.ரி.ஏ எண்ட, உலோகத்தைப் பிடிச்சு வெளியேத்திற மருந்தை ஏத்த வெளிக்கிட வேண்டாம், சிறுநீரகத்துக்குத்தான் கேடு.